தேயிலைப் பொதியும் கால்பந்து அட்டையும்: கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்து ஒரு சேகரிப்பியல் நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

உணவுப் பொருள்களுடன் இலவசமாக வழங்கப்பட்ட கால்பந்து அட்டைகள் மேலை நாடுகளில் நூறாண்டுக்கும் மேலாகச் சேகரிக்கப்பட்டு வருகின்றன. சிற்றூர்க் குழுக்களின் வரலாற்றுக்கு அவை இன்று சான்றாகவும் பயன்படுகின்றன. அவ்வட்டைகளைத் தாங்கிச் சென்ற பொருள்களுள் தேயிலை முதன்மையான ஒன்று. அத்தேயிலையில் ஒரு பகுதியை விளைவித்த தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் கால்பந்து ஆடினர். ஆயினும் அவர்களுக்கு அட்டை அச்சிடப்படவில்லை. இக்கட்டுரை அட்டை வெளியீட்டின் தோற்றம், அதன் வட்டார இயல்பு, இந்தியச் சூழலில் அதன் வடிவங்கள், அட்டையை ஆய்வுச் சான்றாக வாசிக்கும் முறை ஆகியவற்றை விளக்குகிறது. அதன்வழி, தேனி மாவட்டத்திலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இன்று சேகரிக்கத்தக்கவை எவை என்பதை வரையறுக்க முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கால்பந்து அட்டை, தேயிலை, கம்பம் பள்ளத்தாக்கு, மூணாறு, தோட்டத் தொழிலாளர், சிறுதாள் ஆவணம்.

முன்னுரை

நூல், இதழ், கல்வெட்டு, ஓலைச்சுவடி ஆகியன தமிழ் ஆய்வில் நிலைபெற்ற சான்றுகள். பயன்படுத்திய பின் எறியப்படும் துண்டறிக்கை, பொதியுறை, ஒட்டுப்படம், நுழைவுச் சீட்டு போன்ற தாள்கள் மிக அண்மையிலேயே ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றன. இவற்றைச் ‘சிறுதாள் ஆவணங்கள்’ என இக்கட்டுரை குறிக்கிறது. காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் ரோஜா முத்தையா நூல்களோடு இத்தகைய தாள்களையும் திரட்டி வைத்தார். 1992இல் அவர் மறைந்த பின் அத்தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. தனியொருவரின் சேகரிப்பு ஆர்வம் ஒரு பொது ஆய்வு நிறுவனமாக வளர முடியும் என்பதற்கு இது தமிழ்ச் சூழலிலேயே உள்ள சான்றாகும்.

சிறுதாள் ஆவணங்களுள் விளையாட்டு அட்டை ஒரு தனி வகை. ஒரு பொருளை விற்பதற்காக அச்சிடப்பட்டு, சிறுவர் கையில் விளையாட்டுப் பொருளாகி, முதியோர் கையில் சேகரிப்பாகி, இறுதியில் ஆய்வாளர் கையில் ஆவணமாகிறது. இந்நான்கு நிலைகளையும் பிரித்தறியாமல் அட்டையைச் சான்றாகக் கொள்ள இயலாது.

1. அட்டையின் தோற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் சிகரெட்டுகள் மெல்லிய தாள் உறையில் விற்கப்பட்டன. உறை நசுங்காதிருக்க உள்ளே ஒரு தடித்த அட்டை வைக்கப்பட்டது. வெறும் அட்டையில் படம் அச்சிட்டால் விளம்பரமாகும் என்பதையும், படங்களுக்கு வரிசை எண் இட்டால் வாங்குவோர் முழு வரிசையும் சேரும்வரை அதே பொருளை வாங்குவர் என்பதையும் உற்பத்தியாளர் விரைவில் உணர்ந்தனர். இங்கிலாந்தில் வில்ஸ் நிறுவனம் 1896இல் கிரிக்கெட் வீரர் வரிசையை வெளியிட்டது. ஐரோப்பாவில் லீபிக் இறைச்சிச் சாற்று நிறுவனம் சிகரெட் நிறுவனங்களுக்கு முன்பே, 1870களிலிருந்து, வண்ணக் கல்லச்சுப் படங்களை வழங்கி வந்தது. ஆகவே உணவுப் பொருளுடன் படம் தரும் வழக்கம் புகையிலைக்குப் பின் தோன்றியதன்று. இரண்டும் ஒருங்கே வளர்ந்தவை.

கால்பந்து அட்டையின் தொடக்கம் இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டு நகரைச் சார்ந்தது. அங்கு ஜான் பெய்ன்ஸ் என்பவர் 1880களில் கேடய வடிவ அட்டைகளை அச்சிட்டுச் சிறு உறைகளில் விற்றார். அவை மிட்டாய்க் கடைகளிலும் பொம்மைக் கடைகளிலும் கிடைத்தன. புகழ்பெற்ற குழுக்களோடு சிற்றூர்க் குழுக்களும் தேவாலயக் குழுக்களும் அவற்றில் இடம்பெற்றன. பிற்காலத்தில் கலைந்துபோன சிறு குழுக்களின் பெயரையும் சீருடை நிறத்தையும் அறிய இவ்வட்டைகள் இன்று உதவுகின்றன. ‘வட்டார அட்டை’ என்னும் கருத்தின் மதிப்பு இங்குதான் தெளிவாகிறது. தேசிய அளவில் புகழ்பெற்ற வீரருக்குச் செய்தித்தாளும் நூலும் உண்டு. சிற்றூர்க் குழுவுக்கு அட்டை மட்டுமே எஞ்சியிருக்கலாம்.

இரண்டாம் உலகப்போரின்போது தாள் தட்டுப்பாட்டால் 1940இல் பிரித்தானியச் சிகரெட் அட்டைகள் நின்றன. போருக்குப் பின் அவ்விடத்தை உணவுப் பொருள்கள் நிரப்பின. சூயிங்கம், மிட்டாய்ச் சிகரெட், காலை உணவுத் தானியம், தேயிலை ஆகியவற்றுடன் அட்டைகள் வந்தன. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலக் கால்பந்து லீக்கின் வீரர்களை ஸ்கேன்லன்ஸ் சூயிங்கம் அட்டைகள் 1960களிலிருந்து பரப்பின. அந்த ஆட்டம் அந்நாட்டின் சில மாநிலங்களுக்கே உரியது. ஆகவே அவ்வட்டைகளும் அம்மாநிலங்களின் வட்டார அடையாளத்தைச் சுமந்தன.

2. தேயிலையும் அட்டையும்

தேயிலைப் பொதியில் அட்டை வைக்கும் வழக்கத்தில் புரூக் பாண்ட் நிறுவனமே பெரும்புகழ் பெற்றது. 1954இல் பிரித்தானியப் பறவைகள் என்னும் தலைப்பில் 20 அட்டைகளுடன் தொடங்கிய அதன் வெளியீடு 1999 வரை நீடித்தது. பறவை, விலங்கு, மரம், போக்குவரத்து, விண்வெளி எனப் பொருள்கள் விரிந்தன. சார்லஸ் டனிக்ளிஃப் போன்ற தேர்ந்த ஓவியர் வரைந்தனர். அட்டைகளை ஒட்டுவதற்கான படத்தொகுப்பு ஏடு சிறு விலைக்குக் கிடைத்தது.

கால்பந்தைத் தேயிலையோடு நேரடியாக இணைத்தது பர்மிங்காமின் டைஃபூ நிறுவனம். 1903இல் ஜான் சம்னர் தொடங்கிய இந்நிறுவனம் இலங்கைத் தேயிலையையே தன் சிறப்பாகக் கூறி விற்றது. 1960களில் அதன் பொதியட்டையிலேயே கால்பந்து வீரர் படங்கள் அச்சாயின. சிறுவர் அவற்றைக் கத்தரித்து எடுத்தனர். பொதியின் அடையாளத் துண்டுகளைச் சேர்த்து அனுப்பியோருக்குப் பெரிய அளவிலான குழுப்படம் அஞ்சலில் வந்தது.

இலங்கைத் தேயிலையைப் பறித்த கைகளுள் மிகப் பெரும்பாலானவை மலையகத் தமிழர் கைகள். அவர்களின் முன்னோர் தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகளால் அழைத்துச் செல்லப்பட்டவர்கள். எனவே இங்கிலாந்துச் சிறுவன் கத்தரித்தெடுத்த அட்டைக்குப் பின்னால் ஒரு தமிழ் உழைப்பு வரலாறு மறைந்திருக்கிறது. ஆயினும் இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. பெட்டிகளில் சென்ற தேயிலை இலண்டன் ஏலத்தில் விற்கப்பட்டு, பல நாட்டு இலைகளோடு கலக்கப்பட்டே பொதியாயிற்று. ஒரு குறிப்பிட்ட அட்டையை ஒரு குறிப்பிட்ட தோட்டத்தோடு இணைக்க இயலாது. நாம் கூறத்தக்கது வணிகத் தொடர்பைப் பற்றி மட்டுமே.

3. கம்பம் பள்ளத்தாக்கின் இடம்

இவ்வணிகத் தொடர்பில் கம்பம் பள்ளத்தாக்கும் அதன் வடபுறத்துப் போடிநாயக்கனூரும் வெறும் அண்டை ஊர்கள் அல்ல. மேற்கே மூணாற்று மலைகளில் 1897இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் அமைந்தது. ஜேம்ஸ் ஃபின்லே நிறுவனம் அதன் பின்னணியில் இருந்தது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை 1902இல் ஒற்றைத் தண்டவாள வண்டியும், 1908இல் குறும்பாதை இரயிலும் ஓடின. டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவட வழியாகத் தேயிலைப் பெட்டிகள் மலையடிவாரக் கொட்டகுடிக்கு இறங்கின. அங்கிருந்து அவை போடிநாயக்கனூருக்கு வந்து, தூத்துக்குடித் துறைமுகம் நோக்கிச் சென்றன. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் குறும்பாதை இரயிலை அழித்தது. 1928இல் மதுரை–போடி இரயில்பாதை திறக்கப்பட்டது.

பெட்டிகள் இறங்கிய அதே மலைவழிகளில் மனிதர் ஏறினர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்தும் சென்ற தமிழர் மூணாற்றுத் தோட்டங்களின் தொழிலாளராயினர். சின்னமனூருக்கு மேலுள்ள மேகமலைத் தோட்டங்களும் தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் உருவானவையே.

மூணாற்றுத் தோட்டங்களில் கால்பந்து வேரூன்றியது. ஃபின்லே கேடயப் போட்டி 1940களில் தொடங்கி, தோட்டத்துக்கொரு குழு எனப் பிரிந்து ஆடும் வழக்கமாக நிலைத்தது. இலை பறிப்போரும் தொழிற்சாலைப் பணியாளரும் ஆடுவோராக, லயங்களில் வாழ்ந்தோர் பார்ப்போராகத் திரண்டனர். நிறுவனம் கைமாறி, 2005இல் தொழிலாளரும் பங்குதாரராக உள்ள கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் அமைந்த பின்னும் அப்போட்டி தொடர்ந்தது.

இங்கு நம் வினா எழுகிறது. பிராட்ஃபோர்டின் தெருக் குழுவுக்கு 1880களிலேயே அட்டை கிடைத்தது. தோட்டக் குழுவுக்கு ஏன் கிடைக்கவில்லை? விடை எளிது. அட்டை ஆட்டத்தைப் போற்ற அச்சிடப்படுவதன்று. நுகர்வோரைக் கவர அச்சிடப்படுவது. பொதித் தேயிலையின் நுகர்வோர் கடல் கடந்து இருந்தனர். தோட்டத் தொழிலாளர் உற்பத்தியாளராக மட்டுமே கருதப்பட்டனர். அவர்களைக் கவர வேண்டிய தேவை விற்பனையாளருக்கு இருக்கவில்லை. ஆகவே அட்டை இன்மை ஆட்டம் இன்மையைக் காட்டாது. சந்தை எவரை நோக்கியிருந்தது என்பதையே காட்டும்.

4. தமிழ்நாட்டில் அட்டையின் வடிவங்கள்

கால்பந்து அட்டை இல்லை எனினும், பொருளுடன் வந்த படத்தைச் சேர்க்கும் பழக்கம் தமிழ்ச் சிறுவருக்குப் புதிதன்று. வில்ஸ் நிறுவனத்தின் ‘சிசர்ஸ்’ சிகரெட்டுகள் இந்தியாவில் அட்டைகளுடன் விற்பனையாயின. தமிழ் மக்கள் அதனைக் கத்தரி மார்க் எனவே அறிந்தனர். அவ்வட்டைகள் பெரும்பாலும் ஆங்கிலப் படையினர் கைக்குச் சென்றன. ஊர்ச் சிறுவருக்குக் கிடைத்தது காலியான பெட்டியே. அதன் முகப்பைக் கிழித்தெடுத்து, அரிதானதற்கு மிகுந்த மதிப்பும் எளிதானதற்குக் குறைந்த மதிப்பும் வைத்து, கட்டத்துக்குள் அடுக்கி, தட்டைக் கல்லால் அடித்து வெளியேற்றி வெல்லும் ‘சிகரெட் அட்டை’ ஆட்டம் தமிழகமெங்கும் ஆடப்பட்டது. மதிப்பு அளவு ஊருக்கு ஊர் மாறியது. நிறுவனம் தராத அட்டையைச் சிறுவர் தாமே உருவாக்கிக்கொண்டனர் என்பது இதில் கவனிக்கத்தக்கது.

தீப்பெட்டிப் படம் மற்றொரு வடிவம். 1923ஐ ஒட்டிச் சிவகாசியில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொடங்கிய தீப்பெட்டித் தொழில், ஒட்டுப்பட அச்சுத் தொழிலையும் வளர்த்தது. தெய்வம், விலங்கு, மலர், தலைவர், விளையாட்டு எனப் படங்கள் பெருகின. கம்பம் பள்ளத்தாக்கின் பெட்டிக்கடைகளுக்கும் அவை பரவின.

உணவுப் பொருளுடன் விளையாட்டு வீரர் படம் வந்தது 1980களின் பிற்பகுதியில். ‘பிக் ஃபன்’ பபிள்கம் உறைக்குள் கிரிக்கெட் வீரர் படமும் ஓட்டம் அல்லது விக்கெட் எண்ணிக்கையும் அச்சான சிறுதாள் இருந்தது. குறித்த எண்ணிக்கை சேர்ந்ததும் கடையில் கொடுத்து, விரைவாகப் புரட்டினால் படம் அசையும் சிறு புத்தகத்தைப் பெறலாம். 1999 உலகக்கோப்பையின்போது பிரிட்டானியா பிஸ்கட் உறைகளில் ஓட்ட எண்கள் அச்சாயின. அவற்றைச் சேர்த்தோருக்குப் போட்டியைக் காண இங்கிலாந்து செல்லும் பரிசு வாய்ப்பு அறிவிக்கப்பட்டது. உருளைக்கிழங்கு வறுவல் பொதிகளில் ‘டாசோ’ வட்டுகளும் வந்தன.

இவற்றுள் இரு இயல்புகள் புலனாகின்றன. ஒன்று, ஆட்டம் கால்பந்தன்று, கிரிக்கெட்டே. மற்றொன்று, படம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. பிரித்தானியச் சிறுவன் அட்டையை ஏட்டில் ஒட்டி வைத்தான். இந்தியச் சிறுவன் அதனைப் பரிசுக்காகக் கடைக்காரரிடம் ஒப்படைத்தான். எனவே மிகுதியாக அச்சான பபிள்கம் தாள்கூட இன்று அரிதாகவே எஞ்சியிருக்கிறது. அச்சிட்ட அளவை அன்றி, அதனைப் பயன்படுத்திய முறையே எஞ்சும் அளவைத் தீர்மானிக்கிறது.

5. அட்டையைச் சான்றாக வாசித்தல்

ஓர் அட்டை கையில் கிடைத்ததும் ஆய்வாளர் ஐந்து கூறுகளை நோக்குதல் வேண்டும்.

முதலாவது, வெளியீட்டாளர் பெயர். பொருளின் பெயரும் நிறுவனத்தின் பெயரும் வேறாக இருக்கலாம். இரண்டையும் குறிக்க வேண்டும். இரண்டாவது, வரிசை எண்ணும் மொத்த எண்ணிக்கையும். ‘50இல் 17’ என்பதுபோல் பின்புறம் இருப்பின் தொகுப்பின் அளவு தெரியும். மூன்றாவது, அச்சு முறை. உருப்பெருக்கிக் கண்ணாடியில் ஒழுங்கான புள்ளிகள் தெரிந்தால் ஒளிப்படத் தகட்டச்சு. ஒழுங்கற்ற மணிகளும் திண்ணிய வண்ணப் பரப்பும் தெரிந்தால் பெரும்பாலும் பழைய கல்லச்சு. பழைய வரிசைகளின் மறுபதிப்பை இனங்காணவும் இது பயன்படும். நான்காவது, விளிம்பு. பொதியிலிருந்து கத்தரித்த அட்டையின் விளிம்பு கோணலாக இருப்பது இயல்பு. பொதியின் எழுத்துப் பகுதி ஒட்டியிருப்பின் அது கூடுதல் சான்று. ஐந்தாவது, பயன்பாட்டுத் தடம். பசைக்கறை, மடிப்பு, கரிக்கோல் குறி, கல்லடித் தழும்பு ஆகியன அட்டை எப்படி வாழ்ந்தது என்பதைக் கூறுகின்றன.

கடைசிக் கூறில் சந்தையும் ஆய்வும் வேறுபடுகின்றன. சந்தையில் மாசற்ற அட்டைக்கே விலை மிகுதி; தழும்பு குறையாகும். ஆய்வில் கல்லடித் தழும்புள்ள சிகரெட் அட்டை ஆட்டத்தின் நேரடிச் சான்று. அதனைத் ‘தூய்மை’ செய்வது சான்றை அழிப்பதாகும்.

பாதுகாப்பிலும் சில நெறிகள் உண்டு. மலையடிவார ஈரக்காற்றும், கரையானும், இராமபாணப் பூச்சியும் தாளுக்குப் பகை. அட்டைகளை அமிலமற்ற தாளுறையிலோ பாலியெஸ்டர் உறையிலோ இட்டு, உலர்ந்த இடத்தில் தரைமட்டத்துக்கு மேல் வைத்தல் நன்று. பி.வி.சி. உறை காலப்போக்கில் வேதிப்பொருளைக் கசியச் செய்து அச்சைக் கெடுக்கும். நெகிழித் தாளால் மூடி ஒட்டுவதும் ஒட்டுநாடா இடுவதும் மீட்க இயலாத சேதம் விளைவிக்கும். ஏட்டில் ஒட்டிய அட்டையைப் பிரிக்காமல் ஏட்டுடனேயே காத்தல் வேண்டும். அடுக்கிய வரிசையும் ஒரு சான்றே.

6. இப்பகுதியில் சேகரிக்கத்தக்கவை

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு முடிவு பெறப்படுகிறது. கம்பம் பள்ளத்தாக்கில் கால்பந்து அட்டை தேடுவது பயனற்றது. கால்பந்து அட்டை பிற ஊர்களில் ஆற்றிய பணியை இங்கு ஆற்றிய தாள்களைத் தேட வேண்டும். தோட்டக் குழுக்களின் ஒளிப்படங்கள், போட்டி அறிவிப்புத் துண்டறிக்கைகள், ஆட்ட நிரல்கள், பதக்கங்கள், பாராட்டுத் தாள்கள், குழுப் பெயர் தாங்கிய சீருடைகள், பழைய தேயிலைப் பொதிகள், ஏலக்காய்ப் பொதி ஒட்டுப்படங்கள், சிறுவர் சேர்த்த சிகரெட் அட்டைகள், தீப்பெட்டிப் படங்கள் ஆகியன அத்தகையவை.

தேடத்தக்க இடம் எது என்பதையும் தோட்ட வாழ்வின் அமைப்பே சுட்டுகிறது. லயத்து வீடு வேலையோடு பிணைந்தது. பணி ஓய்வு பெறுவோர் வீட்டை விட்டு இறங்க வேண்டும். அவர்களில் பலர் மலையடிவார ஊர்களுக்கோ முன்னோர் ஊர்களுக்கோ திரும்புகின்றனர். நாற்பதாண்டு வாழ்வைச் சில மூட்டைகளில் கட்டும் அந்நாளில் பாத்திரமும் துணியும் இடம்பெறும். மங்கிய குழுப்படமும் துண்டறிக்கையும் விடுபடும். ஆகவே இவ்வாவணங்களின் எஞ்சிய பகுதி மூணாற்றில் மட்டுமன்றி, போடி, தேவாரம், உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர் போன்ற ஊர்களின் வீட்டுப் பெட்டிகளிலும் தேடப்பட வேண்டும்.

காலமும் குறுகியது. 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் நிலச்சரிவு லயங்களை மூடியது. 70 பேர் உயிரிழந்தனர். அவர்கள் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அவர்தம் குடும்பத்தினரும் ஆவர். உயிரிழப்பின் முன் தாளிழப்பைப் பேசுவது பொருந்தாது. ஆயினும், ஒரு குடும்பத்தின் முகங்களும் பெயர்களும் ஓரிடத்தில் மட்டுமே, ஒரே படியாக இருந்தால் என்ன நேரும் என்பதை அவ்விரவு உணர்த்தியது.

சேகரிப்போர் மூன்று நெறிகளைக் கொள்ளல் தகும். மூலத்தை உரியவரிடமே விட்டு, மின்வருடிய படியை மட்டும் எடுத்தல் முதல் நெறி. விலைக்கு வாங்குவது சான்றை அதன் நினைவிலிருந்து பிரிக்கும். தாளைக் காட்டியவர் கூறும் செய்தியை அவர் சொற்களிலேயே பதிதல் இரண்டாவது. குழுப்படத்தில் நிற்போர் பெயர், தோட்டம், ஆண்டு, யார் பந்துக் காவலர், எந்த ஆட்டம் என்பன தாளில் எழுதப்பட்டிரா. பெயரறிந்தவர் மறைந்தபின் படம் முகங்களின் வரிசையாக மட்டுமே எஞ்சும். ஒரு படியை ஊர் நூலகம் அல்லது கல்லூரி ஒன்றிலும், மற்றொன்றை ஆய்வு நூலகம் ஒன்றிலும் வைத்தல் மூன்றாவது நெறி.

நிறைவுரை

கால்பந்து அட்டை விற்பனைக் கருவியாகத் தோன்றி, தற்செயலாக ஆவணமாயிற்று. பெய்ன்ஸின் அட்டைகள் சிற்றூர்க் குழுக்களைக் காத்தது அவற்றின் நோக்கத்தால் அன்று. சிறுவர் அவற்றை எறியாமல் வைத்திருந்ததால். மேலை மலைத் தேயிலைத் தோட்டங்களின் கால்பந்துக்கு அத்தற்செயல் வாய்க்கவில்லை. எனவே அங்குத் தற்செயல் செய்த பணியை இங்கு ஆய்வாளரும் ஊராரும் அறிந்தே செய்ய வேண்டியுள்ளது. பெயரும் ஆண்டும் தோட்டமும் குறித்த ஒரு குழுப்படம், எவரும் அச்சிடாத அந்த வட்டார அட்டைக்கு நிகரானதாகும். அப்பெயர்களைச் சொல்ல வல்லோர் இன்றும் இப்பள்ளத்தாக்கில் வாழ்கின்றனர். ஆகவே அத்தொகுப்பை இன்றும் உருவாக்க இயலும்.